சுப்பண்ணன் சோதித்து வாங்கிய கார்ட்லெஸ்

சுப்பண்ணன் எதையும் சும்மா வாங்க மாட்டார். கத்தரிக்காய் என்றாலும் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார். தறிக்கு மோட்டார் வாங்கப் போனால் அதை ஓடவிட்டு, மேலே உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நடுக்கம் ஒரே சீராக இருந்தால்தான் விலையே கேட்பார். காரணம்பேட்டைக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் யாராவது மிக்சியோ கிரைண்டரோ வாங்கக் கிளம்பினால், "சுப்பண்ணனை ஒரு எட்டு கூட்டிக்கிட்டுப் போயிரு" என்பார்கள். அப்படிப்பட்ட மனுசன் தொண்ணூற்றாறாம் வருசம் கோயமுத்தூருக்குப் போய் ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி ஏமாந்துவிட்டார் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. ஏமாந்தது உண்மை. ஏமாற்றியது யார் என்பதில்தான் ஊர் தப்புக்கணக்குப் போட்டது.

அவருக்கு எட்டு விசைத்தறி. வீட்டுக்குப் பின்னால், களத்தைத் தாண்டி, சிமெண்ட் அட்டை வேய்ந்த தறிக்குடோன். எட்டும் ஓடும்போது நூலைச் சுமக்கிற நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் அடிக்கிற சத்தம் இருக்கிறதே, புதிதாக வந்தவன் அரைமணி நேரம் நின்றால் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். உள்ளே வேலை செய்கிறவர்கள் கத்திப் பேசுவதில்லை. கத்தியும் பிரயோசனமில்லை. உதட்டை அகலமாகத் திறந்து மூடி, கையைக் கொஞ்சம் ஆட்டினால் போதும். முதல் தறியில் நிற்பவன் கடைசித் தறிக்காரனிடம் "பாவு தீரப் போவுது" என்று சொல்லிவிடுவான். நேற்றுப் பார்த்த சினிமாவின் கதையை, குரலே எழுப்பாமல், சண்டையும் பாட்டுமாக முழுக்கச் சொல்லி முடிக்கிறவர்கள் அங்கே உண்டு. சுப்பண்ணன் மீசை முளைக்கும் முன்பே தறிக்குள் போனவர். சொந்தத் தறி போட்ட பிறகும் ஒரு தறியைத் தன் கையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓடுகிற தறியை எதற்கும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தித் திரும்ப ஓட்டினால், நின்ற இடத்தில் துணியில் கோடு விழும். கோடு விழுந்த துணியை வியாபாரி தள்ளிவிடுவான், இல்லாவிட்டால் விலையைக் குறைப்பான். ஆகவே சொந்தக்காரன் வந்தாலும் சரி, சாமி ஊர்வலம் வாசலில் வந்தாலும் சரி, தறி ஓடும். கரண்ட் போனால் நிற்கும். அவ்வளவுதான்.

வீட்டில் போன் வந்து மூன்று வருசம் ஆகியிருந்தது. நூல் வியாபாரிகள் பேசுவதற்காக வாங்கியது. அதன்மேல் சுப்பண்ணனுக்கு ஒட்டுதலே வரவில்லை. எடுப்பார், "அலோ, யாருங்க? ஆ? இருங்க" என்பார், மனைவி மாசாணியம்மாளிடம் நீட்டிவிட்டுத் தறிக்குப் போய்விடுவார். மாசாணியம்மாள்தான் பேசி, நூல் விலையைக் கேட்டு, பிறகு அவர் முகத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்வாள்.

ஒரே மகள் வரலட்சுமி. சத்தியமங்கலத்தில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கசப்பு நடந்தது. சோமனூரிலிருந்து பெரிய தறிக்காரர் வீட்டு ஒறம்பரைச் சனம் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டிய பெண், அங்கேயே நின்று சொன்னாள்:

"தறிச் சத்தத்துல பொறந்தது போதுங்க. போற எடத்துலயாவது காதுக்கு நிம்மதி வேணுமுங்க."

வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சுப்பண்ணன் ஒரு மாதம் மகளோடு பேசவில்லை. பிறகு அவரேதான் அலைந்து திரிந்து, தறியே இல்லாத வீடாகப் பார்த்து, வாத்தியார் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றும்போதே அவருக்குக் கோபம் போய்விட்டது. போய்விட்டது என்பதை மகளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. கோபம் போனதைத் தண்டோரா போட்டுச் சொல்கிற அப்பன் எந்த ஊரில் இருக்கிறான்?

ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு மாசாணியம்மாள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு ஏழாம் மாசம் பொறக்கப் போவுது. கட்டுச்சோறு ஆக்கிக்கிட்டுப் போயிப் பேறுகாலத்துக்குக் கூட்டிக்கிட்டு வரோணும்."

"போலாம். நல்ல நாளாப் பாரு."

"நாளு பாக்கறதுக்கு முன்னால நீங்க ஒருக்காப் பேசோணுமாம். அப்பாவுக்கு இன்னும் எம்மேல கோவம் தீரலைன்னு அழுவுது. போன் பண்ணுனா ஒரு வார்த்தை பேசாம உங்கிட்டக் குடுத்துப்போட்டுப் போயிர்றாங்கங்குது. அப்பா அவுங்க வாயால வான்னு கூப்புட்டாத்தான் வருவேன், இல்லாட்டி மாமியா ஊட்டுலயே பெத்துக்கறேன்னு சொல்லிப்போட்டா."

சுப்பண்ணனுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "கோவமா? எனக்கா?"

"பொங்கலுக்கு வந்தப்ப, களத்துல உங்க பொறத்தாலயே வந்து, நாம் பண்ணுனது தப்புங்களாப்பான்னு கேட்டாளாம். நீங்க திரும்பிக்கூடப் பாக்காமப் போனீங்களாம்."

"அவ எங்கிட்ட ஒண்ணும் கேக்கவே இல்லியே!"

"புள்ள பொய்யா சொல்லும்?"

சுப்பண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராமல் போனால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். அதைவிட, கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குழந்தை இப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறதே என்பதுதான் அவரைக் குத்தியது. நேரில் போய்ச் சொல்லலாம். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்து, "கோவமெல்லாம் இல்லை கண்ணு" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. போனில் என்றால் முகம் பார்க்க வேண்டியதில்லை. சுலபம் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வரலட்சுமி கூப்பிட்டாள். சுப்பண்ணனே எடுத்தார். பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னவோ சொன்னாள். கிணற்றுக்குள் யாரோ பேசுவது போல இருந்தது. "என்னது? சத்தமாச் சொல்லு!" என்று கத்தினார். தறிக்காரன் கத்தினால் அது திட்டுவது போலத்தான் இருக்கும். அவள் குரல் இன்னும் அடங்கிப்போனது. "ஒண்ணும் கேக்கலை! பெலமாப் பேசு!" என்று இன்னும் கத்தினார். அழுகை போல ஏதோ இருந்தது. மாசாணியம்மாள் பிடுங்கிப் பேசுவதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

"இந்த டப்பா போனை வச்சுக்கிட்டு என்னத்தப் பேசறது? ஒயரும் எட்டாது, தறிச் சத்தம் வேற" என்றார் சுப்பண்ணன். கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற போன் ஒன்று வந்திருப்பதாகவும், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அதைப் பிடித்துக்கொண்டே வியாபாரம் பேசுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார். அதை வாங்கிவிட்டால், சத்தமில்லாத இடத்துக்குப் போய் நிம்மதியாகப் பேசலாம்.

மறுநாளே கோயமுத்தூர் பஸ் ஏறினார்.

காந்திபுரத்தில் கண்ணாடிக் கடை ஒன்றுக்குள் முதலில் போனார். டை கட்டிய பையன் ஒருவன் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தான். நானூறு மீட்டர் வரைக்கும் கேட்கும் என்றான். விலையைக் கேட்டபோது ஒரு நல்ல கறவை எருமையின் விலை சொன்னான்.

"பிரிச்சு ஒருக்காப் பேசிக் காட்டு தம்பி."

"பாக்சைப் பிரிக்கக் கூடாது சார். வாங்குனதுக்கப்பறம்தான்."

"பொண்ணைப் பாக்காமத் தாலி கட்டச் சொல்றயாக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

டவுன்ஹால் பக்கம் பாரின் சாமான் விற்கிற கடை. அங்கே விலை பாதிக்கும் பாதி. கடைக்காரர் சிரித்த முகமாகச் சொன்னார்: "பில்லு கெடையாது, வாரண்டி கெடையாது, ஆனா கொயில் மாதிரிப் பேசும்." சுப்பண்ணன் கைச்செட்டை எடுத்துக் காதோரம் ஆட்டினார். உள்ளே ஏதோ உருளுவது கையில் தெரிந்தது. "கொயில் முட்டை வச்சிருக்குமாட்ட இருக்குது" என்று சொல்லித் திருப்பி வைத்தார்.

ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் யூனுஸ் பாயின் கடை இருந்தது. ரேடியோவும் போனும் ரிப்பேர் பார்த்து, விற்கவும் செய்கிற சின்னக் கடை. யூனுசுக்கு நாற்பது வயது இருக்கும். செட்டைக் காட்டுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார்.

"ஊடு எப்படிங்ண்ணா? எத்தனை செவுரு? எங்கிருந்து எங்க பேசோணும்?"

"ஊட்டுல இருந்து களத்துக்கு. களத்தைத் தாண்டித் தறிக்குடோனு. வேணும்னா ரோட்டு வரைக்கும்."

"அப்படீன்னா நானூறு மீட்டரெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? எச்சாக் காசு குடுத்துப்போடாதீங்க. இந்தச் செட்டு போதும். பேட்டரி நம்மூர்லயே கெடைக்கும். ஏரியலு ஒடஞ்சா நானே மாத்திக் குடுப்பேன். ஒரு வருசத்துக்கு என்ன ஆனாலும் என்ற பொறுப்பு. ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன். கரண்ட் போனா இது பேசாது. பழைய போனைக் கழட்டி வீசிப்போடாதீங்க."

"அட, கரண்ட் போனாத் தறியே நின்னுரும். அப்பப் பழைய போனுலயே பேசிக்கலாமே. கரண்ட் இருக்கையிலதான் பாய் எனக்கு வம்பே!"

இருவரும் சிரித்தார்கள். சரக்கின் குறையை முதலில் சொல்கிற வியாபாரியை சுப்பண்ணனுக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் சோதிக்காமல் வாங்குவாரா?

"நான் கைச்செட்டை எடுத்துக்கிட்டு எதுத்தாப்புல போறேன். நீங்க இங்க இருந்து பேசுங்க."

அந்தச் செட்டில் கல்லாவில் இருக்கிற அடிப்பெட்டியிலிருந்தே கைச்செட்டுக்குப் பேச வசதி இருந்தது. சுப்பண்ணன் வீதியைத் தாண்டி எதிர்வரிசைத் தையல்கடை வாசலில் போய் நின்றார். செட்டைக் காதில் வைத்துக்கொண்டு கடையையே பார்த்தார். லாரி ஹாரன், தள்ளுவண்டிக்காரன் கூப்பாடு, அந்தச் சந்துக்குள் இல்லாத சத்தமில்லை.

யூனுஸ் பேசினார்: "அண்ணா, மழை வருமாட்ட இருக்குதுங்க. கொடை கொண்டாந்தீங்களா?"

"கொண்டாரலை பாய்! பஸ்சுல போறவனுக்கு என்னத்துக்குக் கொடை?" என்றார் சுப்பண்ணன்.

"சாப்புட்டாச்சுங்களா?"

"ரெண்டு பன்னு தின்னேன்!"

ஒரு வார்த்தை பிசகவில்லை. இன்னும் நாலு கடை தள்ளிப் போய் நின்று, திரும்பிப் பார்த்துக்கொண்டு பேசினார். அங்கேயும் பளிச்சென்று விளங்கியது. இத்தனை இரைச்சலில் இப்படி விளங்குகிறது என்றால் ஊரில் கேட்கவே வேண்டாம். உள்ளே வந்து விலை பேசினார். யூனுஸ் கொஞ்சம் இறங்கினார், இவர் கொஞ்சம் ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் வரும்போது, மகளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கைச்செட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடிக்கே போய்விட்டார். தறிச் சத்தம் அங்கே சன்னம்தான். காதில் அழுத்தி வைத்தார். கொசு கத்துவது போல ஒரு குரல். அது மகள் குரல் என்பது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது தெரியவில்லை.

"கண்ணு! கேக்கலை! திரும்பச் சொல்லு!" ரோட்டில் போன ஆடு மேய்க்கிறவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன? என்னன்னு கேக்கறேனல்ல!"

கொசு நின்றுவிட்டது. வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் பேச்சு. "நம்ம சுப்பண்ணனையே டவுன்காரன் ஏமாத்திப்போட்டானப்பா. புளியமரத்துக்கும் கேக்காத போனு."

மறுநாள் பெட்டியோடு யூனுஸ் கடையில் போய் நின்றார்.

"பாய், உங்க செட்டு கடையில பேசுது. ஊட்டுல பேச மாட்டீங்குது."

யூனுஸ் கழற்றிப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை. திரும்பவும் சுப்பண்ணன் தையல்கடை வாசலுக்குப் போனார், யூனுஸ் பேசினார், பளிச்சென்று விளங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுப்பண்ணன், சீர்வரிசை மாட்டை இழுத்துக்கொண்டு போனவன் வழியில் அது படுத்துக்கொண்டால் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தார்.

"உங்க ஊட்டு லைனுல ஏதோ கோளாறுங்ண்ணா. வெள்ளிக்கெழமை நமக்குக் கடை லீவு. தொழுகை முடிஞ்சு நானே வாரேனுங்க."

சொன்னபடி மொபெட்டில் வந்தார். போன் லைனைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பிளக்கைப் பார்த்தார். அடிப்பெட்டியை இடம் மாற்றினார். "நீங்க களத்துல போய் நில்லுங்ண்ணா, நான் உள்ள இருந்து பேசறேன்" என்றார். மத்தியானம் கரண்ட் போனபோது நின்ற தறியை, கரண்ட் வந்த பிறகும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் இன்னும் ஓட்டவில்லை. களம் அமைதியாக இருந்தது.

உள்ளறையிலிருந்து யூனுஸ் பேசினார். சுப்பண்ணன், "கேக்கலை பாய்!" என்று கத்தினார். யூனுஸ் அடிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒயர் எட்டுகிற மட்டும் நிலைப்படிக்கு வந்து நின்று பேசினார்.

"கேக்குது! இப்ப நல்லாக் கேக்குது! அங்கயே வச்சிருங்க!"

யூனுஸ் ஒரு எட்டுப் பின்னால் வைத்துக் கதவு மறைவில் நின்று பேசினார். "போச்சு!" திரும்ப வெளியே வந்தார். "வந்துருச்சு!"

யூனுஸ் அவர் கண் போகிற இடத்தைக் கவனித்தார். பிறகு பேசுகிற பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு, குரலும் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தார்: ஒரு டீ குடிக்கலாமுங்களா?

"குடிச்சுப்போட்டாப் போச்சு! மாசாணி, பாய்க்கு டீ வையி!" என்றார் சுப்பண்ணன், செட்டைக் காதில் வைத்தபடியே.

டீ வந்தது. யூனுஸ் கட்டிலில் அவருக்கு நேர் எதிராக உட்கார்ந்துகொண்டார். டம்ளரை ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம் எங்கேயோ ஆரம்பித்தார்.

"என்ற மாமனாரு பித்தளைப் பாத்திரம் தட்டறவருங்ண்ணா. அண்டா, குண்டா, எல்லாம். காலையில சுத்தியல் எடுத்தா பொழுது சாஞ்சு மஹ்ரிப் தொழுகை வரைக்கும் டங்கு டங்குனு ஒரே அடி. நிக்காஹ் ஆன புதுசுல நான் ஸலாம் சொன்னா அவரு பதில் சொல்ல மாட்டாரு. என்னடா இது, மருமகன் மேல என்ன கோவம்னு எனக்கு ஒரே வருத்தம். ஒரு வருசம் அப்படியே போச்சுங்க. பொறவுதான் தெரிஞ்சுது, நான் எப்பவும் அவரு குனிஞ்சு வேலை செய்யறப்பப் பொறத்தால நின்னு சொல்லியிருக்கேன்."

சுப்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முன்னால வந்து சொன்னா உடனே பதில் வருமுங்க. மூஞ்சியப் பாத்தே முக்கால்வாசி புரிஞ்சுக்குவாரு. அவருக்கே அது தெரியாது. நீங்க கடைக்காரங்க எல்லாம் வாயிக்குள்ளயே பேசறீங்கன்னு எங்களைத்தான் திட்டுவாரு."

களத்தில் கோழி ஒன்று குறுக்கே போனது. சுப்பண்ணன் அதையே பார்த்தார். தையல்கடை வாசல் நினைவுக்கு வந்தது. அந்த இரைச்சலில் தான் எதைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்பதும் நினைவுக்கு வந்தது. மோட்டாரைக் கையால் சோதித்தவர், நூலை இழுத்துச் சோதித்தவர், போனைக் கண்ணால் சோதித்து வாங்கியிருக்கிறார்.

"செட்டை எடுத்துக்கிட்டுப் போயிருங்க பாய்" என்றார் வெடுக்கென்று.

"காசு வேணுமின்னா இப்பவே திருப்பித் தர்றேனுங்க. ஆனா செட்டு இருக்கட்டும். அக்காவுக்கு ஆகும்."

சுப்பண்ணன் நிலைப்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? இத்தனை வருசமா மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுதான் சோறு வேணுமான்னு கேக்கறேன்."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னாக் கேப்பீங்களாக்கு?"

யூனுசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எழுந்து, பையிலிருந்து சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றை எடுத்தார். போன் லைனிலிருந்து ஒரு ஒயரைத் தறிக்குடோனுக்கு இழுத்து, சுப்பண்ணன் ஓட்டுகிற தறிக்கு நேர் மேலே உத்தரத்தில் கட்டினார். மணி அடித்தால் இது மினுக் மினுக்கென்று எரியும். எவ்வளவு காசு என்று சுப்பண்ணன் கேட்டதற்கு, "அது டீக்குச் சரியாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

சுப்பண்ணன் செட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைத் தொடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாசாணியம்மாள் பேசினாள். "அப்பா இருக்காங்க, பேசறயா?" என்று அவள் கேட்பது சுப்பண்ணனுக்குத் தெரிந்தது. அவர் கையை ஆட்டிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். செவிடன் என்று மகளுக்குச் சொல்வதைவிடக் கோபக்காரன் என்று இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். ஆனால் அன்று பூராவும் இழை அறுந்துகொண்டே இருந்தது. அவர் கட்டிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை மாசாணியம்மாள் சூலூரில் ஒரு சீருக்குப் போயிருந்தாள். போகும்போது கைச்செட்டைத் தறிக்குடோன் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

சுப்பண்ணன் செட்டை எடுத்துக்கொண்டு குடோன் வாசலுக்கு வந்தார். நூல் வியாபாரியாக இருக்கும் என்று நினைத்தார். காதில் அந்தக் கொசுக் குரல். ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போன வரலட்சுமி அங்கே பூத்திலிருந்து அம்மாவிடம் பேசக் கூப்பிட்டிருக்கிறாள். அவருக்கு அதெல்லாம் தெரியாது. மகள் என்பது மட்டும் தெரிந்தது. இந்த நேரத்தில் ஏன் கூப்பிடுகிறாள், உடம்புக்கு என்ன ஆச்சோ என்று பதறினார்.

நேராக உள்ளே போய், தறிகளுக்கு மட்டுமான மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

எட்டுத் தறியும் நின்றன. ஆட்கள் திகைத்துப் போய்த் திரும்பினார்கள். கரண்ட் போனதா என்று உத்தரத்தைப் பார்த்தார்கள், டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் குடோனில் ஓடுகிற தறியைச் சுவிட்சை இழுத்து நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. சுப்பண்ணன் செட்டைக் காதில் அழுத்தினார். இப்போதும் கொசுதான்.

வெளிச் சாய்ப்பில் பாப்பாயி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. வேலைக்கு வந்து ஒரு வருசம்தான், அதுவும் வெளியே உட்கார்ந்து பார்க்கிற வேலை, காது பழுதில்லை. ஆனால் உள்ளே இருக்கிறவர்களோடு வம்பளக்க வேண்டும் என்பதற்காகவே உதட்டுப் பேச்சை மற்ற எல்லாரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டவள். சுப்பண்ணன் செட்டை அவள் காதில் வைத்தார்.

"புள்ள பேசறா. கேட்டு எனக்குச் சொல்லு. தறிக்குள்ள பேசுவீங்கல்ல, அந்த மாதிரி."

பாப்பாயி அவரை ஒருமுறை பார்த்தாள். செட்டின் வாய்ப்பக்கத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது.

"அப்பாங்களா? என்னங்கப்பா சத்தத்தையே காணோம்? கரண்ட் இல்லீங்களா?"

"கரண்ட் இருக்குது. நாந்தான் நிறுத்திப்போட்டேன். உடம்புக்கு என்ன கண்ணு?"

பாப்பாயி கையைத் தாழ்த்திக் காட்டினாள்: மெதுவா, மெதுவா.

"உடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. ஓடற தறிய ஏனுங்க நிறுத்துனீங்க?"

"உன்ற பேச்சைக் கேக்கறதுக்கு."

உள்ளே இருந்த ஆட்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். சுப்பண்ணன் அவர்களைப் பார்த்தார். பிறகு பாப்பாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நிறுத்தியும் கேக்கலை சாமி. அப்பனுக்குக் காது போச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும். பாப்பாயிதான் நீ சொல்றதைக் கேட்டு வாயசைக்கறா, அதைப் பாத்துத்தான் நான் பேசறேன்."

வாசலில் நின்றவர்களில் மூத்த தறிக்காரர் ஒருவர் தன் காதைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பாப்பாயியின் உதடு அசையவில்லை. "லைன் போயிருச்சா?" என்றார் சுப்பண்ணன். அவள் இல்லையென்று தலையாட்டி, விரலைக் கண்ணிலிருந்து கன்னத்துக்கு இழுத்துக் காட்டினாள்.

பிறகு உதடு மெல்ல அசைந்தது. "பொங்கலுக்கு நான் களத்துல கேட்டதும் கேக்கலீங்களா?"

"எதுமே கேக்கலை கண்ணு. இப்பக் கேளு."

"நாம் பண்ணுனது தப்புங்களாப்பா?"

"என்ன தப்பு? இந்தச் சத்தம் வேண்டாம்னு நீ சொன்னது ஒண்ணுதான் நம்ம ஊட்டுல இதுவரைக்கும் பேசுன உருப்படியான பேச்சு. கோவமெல்லாம் உன்ற கல்யாணப் பாயசத்தோட போச்சு. கட்டுச்சோறு ஆக்கிக்கிட்டு நானும் உங்கம்மாளும் வாரோம். நீ கெளம்பி வா சாமி."

பாப்பாயி உதட்டைத் திறந்தாள். அவள் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாரேன் என்கிற சொல்லுக்கு உதடு எப்படித் திறக்கும் என்பது தறிக்காரனுக்குத் தெரியாதா?

"வாரேனுங்கப்பா."

அவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனப்பா, வேடிக்கை பாத்தது போதும்" என்று ஆட்களை விரட்டிவிட்டு, சுவிட்சை மேலே தள்ளினார்.

அந்த வாரத் துணி பல்லடத்து வியாபாரியிடம் போனது. மடித்துப் பார்த்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"என்னங்க சுப்பண்ணா, எட்டுத் தறித் துணியிலயும் கோடு விழுந்து கெடக்குது? கரண்ட் போச்சுங்களா?"

சுப்பண்ணன் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லீங்க. என்ற புள்ளகிட்ட இருந்து போன் வந்துச்சு. வெலையில எத்தனை கொறைக்கோணுமோ கொறைச்சுக்குங்க."